‘டிமென்ஷியா கேர்’ என்ற பலகையும் அதன் பின்னால் இருப்பதும்: சித்தூர் தாலுகாவில் இல்லம் தேடிய அனுபவம்

பாலக்காடு மாவட்டத்தின் சித்தூர் தாலுகாவில், கொழிஞ்சாம்பாறையிலிருந்து வேலந்தாவளம் வழியாகக் கோயம்புத்தூருக்கும் கோபாலபுரம் வழியாகப் பொள்ளாச்சிக்கும் போகும் சாலைகளில் முதியோர் இல்லப் பலகைகள் இப்போது அடிக்கடி கண்ணில் படுகின்றன. அவற்றுள் சிலவற்றில் ‘டிமென்ஷியா கேர்’ (மறதிநோய்ப் பராமரிப்பு) என்ற சொற்கள் மலையாளத்திலும் தமிழிலும் பெரிய எழுத்தில் இருக்கின்றன. அந்தச் சொற்களைப் பலகையில் எழுதுவதற்கு நடைமுறையில் இங்கே எவரும் தனி அனுமதி கேட்பதில்லை என்பதை, இம்முறை ஊருக்கு வந்து என் பெரியம்மாவுக்காக இடம் தேடியபோது நேரில் கண்டேன். இந்த எல்லைப்புறத்தில் பெற்றோரை விட்டுவிட்டு வெளிநாட்டில் பிழைக்கும் பலருக்கும் இதே தேடல் ஒருநாள் வரும் என்பதால், பார்த்ததையும் விசாரித்து அறிந்ததையும் எழுதி வைக்கிறேன்.

பெரியம்மா எருத்தேம்பதிப் பக்கம், தென்னந்தோப்புக்கு நடுவில் உள்ள வீட்டில் மகளோடு இருக்கிறார். மறதிநோய் தொடங்கிச் சில ஆண்டுகள் ஆகிவிட்டன. ஆனால் நடை தளரவில்லை. பகலில் அது நிம்மதி, இரவில் அதுவே பெருங்கவலை. பொழுது சாய்ந்ததும், எப்போதோ விற்றுவிட்ட எருமைகளுக்குத் தண்ணீர் காட்ட வேண்டும் என்று எழுந்துவிடுவார். “கண்ணு, கட்டுத்தறிக்குப் போயிட்டு வந்தர்றேன்” என்று சொல்லிக்கொண்டே கதவின் தாழ்ப்பாளைத் தடவுவார். அவரை இத்தனை நாளும் தனியொருத்தியாகப் பார்த்துக்கொண்ட அக்காவுக்கு முழங்கால் மூட்டு மாற்று அறுவைச் சிகிச்சைக்கு நாள் குறித்திருக்கிறார்கள். அக்கா எழுந்து நடமாடும் வரை பெரியம்மா தங்குவதற்குப் பாதுகாப்பான ஓர் இடம் வேண்டும். எங்கள் தேவை அவ்வளவுதான்.

நான் அமெரிக்காவின் மினசோட்டா மாநிலத்தில், மறதிநோயாளருக்கான பிரிவு ஒன்றில் செவிலியராக இருக்கிறேன். பெரும்பாலும் இரவுப் பணி. அந்த மாநிலத்துச் சட்டத்தை இங்கே குறிப்பிடுவதற்குக் காரணம் உண்டு. அங்கும் இந்த ஒழுங்கு தானாக வந்துவிடவில்லை. முதியவர்கள் அன்றாட உதவியோடு வாழும் இல்லங்களுக்கு 2021 ஆகஸ்ட் வரை அம்மாநிலத்தில் தனி உரிம முறையே கிடையாது. இல்லங்களில் நடந்த துன்புறுத்தல் குறித்த புகார்கள் விசாரிக்கப்படாமல் குவிந்து கிடந்ததை 2017இல் நாளிதழ் ஒன்று தொடர் கட்டுரைகளாக வெளிக்கொண்டு வந்தது. 2018இல் சட்டமன்றத் தணிக்கையாளரின் அறிக்கையும் விசாரணை முறையின் குறைகளைச் சுட்டிக்காட்டியது. இல்லங்களில் தாய் தந்தையரை இழந்த, துன்புறக் கண்ட குடும்பத்தினர் சட்டமன்றத்தின் படியேறிப் பேசினார்கள். 2019இல் சட்டம் நிறைவேறி, இரண்டு ஆண்டுகள் கழித்து நடைமுறைக்கு வந்தது.

அந்தச் சட்டம் இரண்டு வகை உரிமங்களை ஏற்படுத்தியது. ஒன்று பொதுவானது, மற்றொன்று மறதிநோய்ப் பராமரிப்புக்கானது. இதில் நான் மிகவும் மதிக்கும் கூறு, இரண்டாவது உரிமம் எவருக்குத் தேவை என்று சட்டம் வரையறுத்த விதம். மறதிநோயாளருக்குச் சிறப்புப் பராமரிப்பு தருவதாக ஓர் இல்லம் விளம்பரம் செய்தாலே அந்த உரிமம் கட்டாயமாகிறது. கதவு பூட்டிய தனிப் பிரிவு வைத்திருந்தாலும் கட்டாயமாகிறது. பூட்டிய பிரிவில் இருபத்துநான்கு மணி நேரமும் விழித்திருக்கும் பணியாளர் ஒருவர் அங்கேயே இருக்க வேண்டும். முதியவர்களை நேரடியாகப் பராமரிக்கும் ஒவ்வொருவரும் பணியில் சேர்ந்த தொடக்கத்திலேயே மறதிநோய் குறித்து 8 மணி நேரப் பயிற்சி பெற வேண்டும். குறைந்தது இரண்டு ஆண்டுகளுக்கு ஒரு முறை ஆய்வு நடக்கும். அதில் கண்ட குறைகளை எவரும் இணையத்தில் படிக்கலாம். எல்லா இல்லமும் சிறந்த இல்லமாகிவிட்டது என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் அன்னையைச் சேர்க்க வரும் மகளின் கையில் கேள்வி கேட்பதற்கான பிடி ஒன்று இருக்கிறது.

அந்தப் பிடி இல்லாமல்தான் இங்கே ஒவ்வோர் இல்லமாக ஏறி இறங்கினோம். இரவில் யார் விழித்திருப்பார், தீப்பிடித்தால் கதவை யார் திறப்பார், தூக்க மாத்திரையை யார் முடிவு செய்வார், தமிழ் பேசுவோர் யார் இருக்கிறார் என்பவைதான் நான் எல்லா இடத்திலும் கேட்ட கேள்விகள். வரவேற்பறைகள் பெரும்பாலும் தூய்மையாக இருந்தன. பேசியவர்கள் மரியாதையோடு பேசினார்கள், தேநீர் கொடுத்தார்கள். கேள்வி இரவைத் தொட்டதும் பதில்கள் குறுகிவிட்டன.

ஓர் இல்லத்தில் மறதிநோயாளர்கள் அனைவரும் மாடியில் இருந்தார்கள். படிக்கட்டின் தலைப்பில் இழுத்து மூடும் இரும்புக் கதவு, அதில் ஒரு பூட்டு. சாவி கீழ்த்தளத்தில் படுத்துறங்கும் காவலரிடம் இருக்கும் என்றார்கள். மாடியில் இரவுக்கு ஒரே ஒரு உதவியாளர். அவரும் அங்கேயே பாய் விரித்துப் படுத்துக்கொள்வாராம். “ஒண்ணும் ஆகாதுங்க, நானும் பக்கத்து வீதியிலதான் இருக்கறேன்” என்று நடத்துபவர் ஆறுதல் சொன்னார். அவர் நல்லெண்ணத்தோடு சொன்னார் என்பதில் எனக்கு ஐயமில்லை. ஆனால் இரவு இரண்டு மணிக்கு மின்கசிவில் புகை எழுந்தால், பூட்டிய கதவுக்கு உள்ளே இருப்பவர்கள் புகையைப் புகை என்று அறியாதவர்கள். அவர்களைப் பூட்டி வைக்கும் உரிமையை ஒருவர் எடுத்துக்கொண்டால், பூட்டைத் திறக்கும் கடமையும் நொடிக் கணக்கில் அவருடையதாகிறது.

இன்னோர் இல்லத்தில் ஒரு முதியவரின் மணிக்கட்டு, கட்டிலின் பக்கக் கம்பியோடு ஈரிழைத் துண்டால் கட்டப்பட்டிருந்தது. துண்டுக்கு அடியில் தோல் சிவந்து, ஓரத்தில் வழன்றிருந்தது. கீழே விழுந்துவிடக் கூடாது என்பதற்காகத்தான் என்று விளக்கினார்கள். கட்டி வைக்கப்பட்டவர் விடுபடத் திமிறும்போது காயங்கள் நேர்கின்றன, அசையாமல் கிடப்பதால் தசை வலுவிழந்து படுக்கைப் புண்ணும் வருகிறது. எங்கள் தொழிலில் இவை பழைய பாடம். அமெரிக்க மருத்துவப் பராமரிப்பு இல்லங்களில் பணியாளரின் வசதிக்காக ஒருவரைக் கட்டி வைப்பதை 1987ஆம் ஆண்டுச் சட்டமே விலக்கியது. அதே வசதிக்காக மருந்தால் மயக்கி வைப்பதையும் சேர்த்தே விலக்கியது. மருந்தைப் பற்றி நான் வற்புறுத்திக் கேட்டதற்குக் காரணம், அந்த இல்லத்தில் மாலை நான்கு மணிக்கு ஏறத்தாழ எல்லோருமே உறங்கிக் கிடந்ததுதான். மருந்துப் பட்டியலில் கியூட்டியபின் என்ற மனநோய் மருந்து திரும்பத் திரும்ப வந்தது. மறதிநோய் உள்ள முதியவர்களுக்கு இவ்வகை மனநோய் மருந்துகள் மரண ஆபத்தைக் கூட்டுகின்றன என்று அமெரிக்க உணவு மற்றும் மருந்து நிர்வாகம் 2005இல் மிகக் கடுமையான எச்சரிக்கை விடுத்தது. ஆய்வுகளில் அந்த ஆபத்து ஏறத்தாழ 1.6 முதல் 1.7 மடங்காக இருந்தது. சில நோயாளருக்குச் சில காலம் இம்மருந்து தேவைப்படலாம். அந்தத் தேவையை மருத்துவர் எழுத்தில் சொல்லி, குடும்பத்தாரிடம் ஒப்புதல் பெற்று, குறித்த நாளில் மறுபடி பரிசீலிக்க வேண்டும். அங்கே மருத்துவரின் கையெழுத்து பல மாதங்களுக்கு முந்தையது.

இவற்றையெல்லாம் தடுக்கச் சட்டமே இல்லை என்று எண்ணிக்கொண்டுதான் பலர் பேசுகிறார்கள், நிலைமை அப்படியில்லை. இந்தியாவில் 2018 மே மாதம் நடைமுறைக்கு வந்த 2017ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டம், சிந்தனை, மனநிலை ஆகியவற்றோடு நினைவாற்றலில் ஏற்படும் கடுமையான கோளாற்றையும் மனநோய் என்ற வரையறைக்குள் வைத்திருக்கிறது. அத்தகையவர்களைத் தங்க வைத்துப் பராமரிக்கும் இடம் எந்தப் பெயரில் இயங்கினாலும் மாநில மனநல ஆணையத்திடம் பதிவு பெற வேண்டும் என்கிறது. சங்கிலியால் பிணைப்பதை அறவே தடை செய்கிறது. உடனடி ஆபத்தைத் தடுக்க வேறு வழியே இல்லாதபோது மட்டும், மனநல மருத்துவரின் அனுமதியோடு, தேவையான நேரத்துக்கு மட்டும் ஒருவரைக் கட்டுப்படுத்தலாம். அவருடைய நியமனப் பிரதிநிதிக்கு 24 மணி நேரத்துக்குள் தெரிவிக்க வேண்டும். இந்தச் சட்டத்தை நான் படித்த அளவில், ‘டிமென்ஷியா கேர்’ என்று பலகை வைத்த ஒவ்வோர் இல்லமும் இதன் வரம்புக்குள் வர வேண்டும். நாங்கள் பார்த்த இடங்களில் ஒன்றுகூட அந்தப் பதிவைக் காட்டவில்லை. ஓர் இல்லம், கேரளத்தில் முதியோர் இல்லங்களைப் பதிவு செய்யும் அனாதை இல்லக் கட்டுப்பாட்டு வாரியத்தின் சான்றிதழைக் கண்ணாடிச் சட்டமிட்டு மாட்டியிருந்தது. இன்னொன்று பஞ்சாயத்தின் தொழில் உரிமத்தை எடுத்துக் காட்டியது. இரண்டும் வேறு நோக்கத்துக்கானவை. மறதிநோயாளரைப் பராமரிக்கும் தகுதிக்கு அவை சான்றாக மாட்டா.

முதியோர் பராமரிப்பு இல்லங்களுக்கும் வீட்டுக்கு ஆள் அனுப்பும் நிறுவனங்களுக்கும் பதிவையும் குறைந்தபட்சத் தரத்தையும் கட்டாயமாக்கும் திருத்த மசோதா ஒன்று 2019 டிசம்பரில் மக்களவையில் வைக்கப்பட்டது. 2007ஆம் ஆண்டு பெற்றோர் மற்றும் மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டத்துக்கான அந்தத் திருத்தம் நிறைவேறாமலே அந்த மக்களவையின் காலம் முடிந்துவிட்டது. இந்தியாவில் 60 வயதைக் கடந்தவர்களில் 7.4 விழுக்காட்டினருக்கு, அதாவது ஏறத்தாழ 88 லட்சம் பேருக்கு மறதிநோய் இருப்பதாக 2023இல் வெளியான தேசிய ஆய்வு மதிப்பிட்டிருக்கிறது. அத்தனை பேரின் குடும்பங்களுக்கும் உரிய ஒரு மசோதா காலாவதியாகும்போது எந்த ஊரிலும் ஒரு கூட்டம்கூட நடக்கவில்லை என்பது எனக்கு வருத்தம் தருகிறது.

எல்லைக்கு அப்பால் கோவைப் பக்கமும் சில இல்லங்களைப் பார்த்தோம். வசதிகள் கூடுதல், கட்டணமும் கூடுதல். பதிவு குறித்த பதில் ஒன்றுதான். தமிழ் பேசுவோர் அங்கே தாராளமாக இருந்தார்கள் என்பது ஒரு பெரிய நிம்மதி. மொழி எவ்வளவு முக்கியம் என்பதற்கு ஒரு சான்று சொல்கிறேன். பாலக்காட்டுப் பக்கம் ஒரு மருத்துவமனையில் பெரியம்மாவின் நினைவாற்றலை மலையாளத்திலேயே சோதித்தார்கள். ஒரு வாக்கியம் எழுதச் சொன்னபோது, தமிழ்ப் பள்ளியில் ஐந்தாம் வகுப்பு வரை படித்த அவர் மலையாள எழுத்து தெரியாமல் பேனாவைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தார். அதற்குப் பூஜ்யம் போட்டார்கள். வீட்டுக்கு வந்து நான் தமிழில் எழுதச் சொன்னதும், தன் பெயரையும் தன் அப்பாரு பெயரையும் பிழையில்லாமல் எழுதிக் காட்டினார். நோயின் நிலையைத் தவறாகக் குறித்துவிட்டால் மருந்தின் அளவும் பராமரிப்பின் திட்டமும் தவறாகின்றன. வடகரப்பதி, எருத்தேம்பதி போன்ற பஞ்சாயத்துகளில் தமிழர்கள் இத்தனை பேர் வாழும்போது, நோயாளியின் தாய்மொழியிலேயே சோதிக்க வேண்டும் என்பதை உரிமத்தின் நிபந்தனையாகவே வைக்க வேண்டும்.

கேரளத்தைக் குறைமட்டும் சொல்லிவிட்டுப் போக எனக்கு மனமில்லை. மறதிநோய்க்கான தேசிய அமைப்பான ஏஆர்டிஎஸ்ஐ 1992இல் இந்த மாநிலத்தில்தான் தொடங்கியது. வலி தணிப்புச் சிகிச்சைக்கு 2008இலேயே அரசுக் கொள்கை வகுத்த மாநிலம் இது. அந்தக் கொள்கையின் பயனை எங்கள் வீட்டுத் திண்ணையிலேயே பார்த்தேன். பஞ்சாயத்தின் வீட்டுப் பராமரிப்புச் செவிலியர், பக்கத்து வீட்டில் படுத்த படுக்கையாக இருக்கும் தாத்தாவைப் பார்க்க வந்தவர், அக்காவின் முகத்தைப் பார்த்துவிட்டு இங்கும் வந்து உட்கார்ந்தார். பெரியம்மாவின் குதிகாலையும் இடுப்பையும் தடவிப் பார்த்து, குறிப்பேட்டில் எழுதி, அக்காவிடம் தமிழிலேயே, “நீங்க ராத்திரி எத்தன மணி நேரம் தூங்கறீங்க?” என்று கேட்டார். எந்த இல்லத்திலும் எவரும் கேட்காத கேள்வி அது. அவர் பணிக்கு ஒரு பெயரும் ஒரு பொறுப்பாளரும் ஒரு பதிவேடும் இருக்கின்றன. பஞ்சாயத்து உறுப்பினரிடம் அவரைப் பற்றி முறையிடவும் முடியும். ஆனால் இரவெல்லாம் எழுந்து நடக்கும் ஒருவரைக் காப்பது அந்தத் திட்டத்தால் ஆகாது. அந்த இடைவெளியில்தான் தனியார் இல்லங்கள் நிற்கின்றன.

கேரளச் சட்டமன்றம் 2025இல் முதியோர் ஆணையம் அமைக்கச் சட்டம் இயற்றியிருக்கிறது. அந்த ஆணையத்துக்கும் மாவட்டச் சமூக நீதி அலுவலருக்கும் அக்காவின் பெயரில் மனு எழுதிக் கொடுத்திருக்கிறோம். ‘டிமென்ஷியா கேர்’ என்று விளம்பரம் செய்யும் இல்லங்களின் பட்டியலை எடுத்து, மனநல ஆணையத்தின் பதிவு உண்டா என்று பார்த்து, இல்லாதவற்றுக்குக் கால அவகாசம் கொடுத்துப் பதிவு செய்ய வைக்க வேண்டும் என்பதே கோரிக்கை. உடனே மூடிவிடுங்கள் என்று எழுதவில்லை. மூடினால் அங்கிருப்பவர்கள் போக வேறிடம் இல்லை.

பெரியம்மாவுக்குக் கொழிஞ்சாம்பாறைக்கு அருகில் தரைத்தளத்தில் இயங்கும் சிறிய இல்லம் ஒன்றைத் தேர்ந்தெடுத்திருக்கிறோம். அதன் ஒப்பந்தத்தில், நோயாளி விழுந்தாலும் வெளியேறினாலும் இறந்தாலும் நிர்வாகம் பொறுப்பல்ல என்ற வரிதான் முதலில் இருந்தது. அந்த வரியை நீக்கி, இரவில் விழித்திருக்கும் பணியாளர் ஒருவர், தமிழ் பேசும் உதவியாளர் ஒருவர், எந்த நேரத்திலும் முன்னறிவிப்பின்றி நாங்கள் வந்து பார்க்கும் உரிமை ஆகிய மூன்றையும் எழுதச் செய்திருக்கிறோம். அக்காவிடம் கேட்காமல் புதிய தூக்க மருந்தோ மனநோய் மருந்தோ கொடுக்கக் கூடாது என்ற நான்காவது நிபந்தனைக்கு நடத்துபவர் இன்னும் கையெழுத்திடவில்லை. அது கையெழுத்தாகாமல் பெரியம்மாவை அங்கே விடுவதில்லை என்று அக்கா உறுதியாகச் சொல்லிவிட்டார்; தேவையானால் அறுவைச் சிகிச்சையின் தேதியைத் தள்ளி வைக்க மருத்துவரிடமும் பேசியிருக்கிறோம்.