அலுவலர் ஆய்வா, பெற்றோர் குழுவா?

தமிழ்நாட்டில் அரசுத் தொடக்கப் பள்ளியின் தரத்தைக் கண்காணிக்க இரண்டு ஏற்பாடுகள் உண்டு. ஒன்று, வட்டாரக் கல்வி அலுவலரின் ஆய்வு. மற்றது, 2009ஆம் ஆண்டு கல்வி உரிமைச் சட்டப்படி அமையும் பள்ளி மேலாண்மைக் குழு. அதில் நான்கில் மூன்று பங்கினர் பெற்றோர். உறுப்பினர்களில் பாதிப் பேர் பெண்களாக இருக்க வேண்டும்.

அலுவலர் வந்தால் வருகைப் பதிவேடு, பாடக்குறிப்பு, சத்துணவு அரிசி இருப்புக் கணக்கு எல்லாம் மேசைக்கு வந்துவிடும். நோட்டுகளில் சிவப்பு மை இருக்கிறதா என்று புரட்டிப் பார்ப்பார். திருத்திய பிழையையே பிள்ளை மறுநாளும் எழுதியிருக்கிறதா என்று பார்ப்பவர்தான் நல்ல அலுவலர். மூன்றாம் வகுப்புப் பிள்ளையை அருகில் உட்கார வைத்து, பாடப்புத்தகத்தில் இல்லாத ஒரு பத்தியை வாசிக்கச் சொன்னால் போதும். மனப்பாடம் எது, வாசிப்பு எது என்பது இரண்டாவது வரியிலேயே தெரிந்துவிடும். 2022இல் தொடங்கிய எண்ணும் எழுத்தும் திட்டம் பிள்ளைகளை அரும்பு, மொட்டு, மலர் என்று கற்றல் நிலைப்படி பிரிக்கிறது. அந்தப் பிரிப்பு சரிதானா என்பதையும் அவர் அங்கேயே சோதிக்கலாம்.

குழுவுக்கு இந்தப் பயிற்சி இல்லை. ஆனால் கழிவறைக் குழாயில் தண்ணீர் வராததும், ஆசிரியர் தாமதமாக வருவதும் அதற்கு அன்றன்றே தெரியும். அலுவலருக்கு எப்போதோதான் தெரியும். கையெழுத்துக்காக மட்டும் கூடும் குழுக்களும் உண்டு, மறைப்பானேன்?

வாசிப்புத் திறன்தான் கேள்வி என்றால் என் ஓட்டு அலுவலருக்கு, முன்கூட்டியே சொல்லிவிட்டு வராதவராக இருந்தால்.