சுங்கை பூலோ ஈரநிலம்: உயிரியல் மாணவர்களை எந்த நேரத்தில் அழைத்துச் செல்வது?

உயர்நிலைப் பள்ளியில் உயிரியல் படிக்கும் பிள்ளைகளை வகுப்பறைக்கு வெளியே எங்கே அழைத்துச் செல்லலாம் என்று கேட்கும் பெற்றோருக்கு, துணைப்பாட ஆசிரியை என்ற முறையில் நான் முதலில் சொல்லும் இடம் சிங்கப்பூரின் சுங்கை பூலோ ஈரநில வனப்பகுதிதான். நுழைவுக் கட்டணம் கிடையாது. காலை 7 மணி முதல் மாலை 7 மணி வரை திறந்திருக்கிறது. கிராஞ்சி எம்ஆர்டி ரயில் நிலையத்திலிருந்து 925 ஆம் எண் பேருந்தில் போய்விடலாம். ஆனால் வானிலையையும் பேருந்து நேரத்தையும் கவனமாக விசாரிக்கும் பெற்றோர் பலர், அந்த இடத்தின் பயனை முழுவதும் தீர்மானிக்கும் ஒன்றை மட்டும் கேட்பதில்லை. அன்றைக்குக் கடல்நீர் எத்தனை மணிக்கு ஏறுகிறது, எத்தனை மணிக்கு இறங்குகிறது என்பதே அது.

சிங்கப்பூர்க் கரையோரத்தில் பொதுவாக ஒரு நாளில் இருமுறை நீர் ஏறி இருமுறை இறங்குகிறது. அந்த நேரம் நாளுக்கு ஏறத்தாழ 50 நிமிடம் தள்ளிப்போவதால், இந்தச் சனிக்கிழமை காலை 9 மணிக்குச் சேற்றுவெளியாகக் கிடந்த இடம் அடுத்த சனிக்கிழமை அதே நேரத்தில் பெரும்பாலும் நீருக்கடியில் இருக்கும். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய நாள்களில் ஏற்றத்துக்கும் இறக்கத்துக்கும் இடையிலான வேறுபாடு மிகுதி. அந்த நாள்களை வீட்டுச் சுவரில் தொங்கும் தமிழ் நாள்காட்டியே காட்டிவிடும். சரியான மணியை மட்டும் இணையத்தில் நீரேற்ற அட்டவணையைப் பார்த்து உறுதிசெய்துகொள்ள வேண்டும்.

நீர் இறங்கிய நேரத்தில் சதுப்புநிலக் காட்டுக்குள் செல்லும் மரநடைபாதையைத்தான் நான் முதலில் தேர்ந்தெடுப்பேன். அங்கே நின்றவுடன் பிள்ளைகள் மூக்கைப் பொத்திக்கொண்டு, சாக்கடை கலந்திருக்கிறதா என்று கேட்பார்கள். பாடத்தை அந்தக் கேள்வியிலிருந்தே தொடங்கலாம். நீர் தேங்கிய களிச்சேற்றில் மேற்பரப்புக்குச் சற்றுக் கீழேயே ஆக்சிஜன் தீர்ந்துபோகிறது. ஆக்சிஜன் இல்லாமல் வாழும் பாக்டீரியாக்கள் கடல்நீரிலுள்ள சல்பேட்டைப் பயன்படுத்திக்கொண்டு ஹைட்ரஜன் சல்பைடு வாயுவை வெளியிடுகின்றன. அழுகிய முட்டையை நினைவூட்டும் அந்த வாடை மாசுபாட்டால் வருவதன்று, ஆரோக்கியமான சதுப்புநிலத்தின் இயல்பு. சேற்றில் ஆக்சிஜன் இல்லாததால் இலைகளும் வேர்களும் அங்கே மிக மெதுவாகவே மட்குகின்றன. அதனால்தான் சதுப்புநிலக் காடுகள் மண்ணுக்குள் பெருமளவு கார்பனை நீண்டகாலம் சேமித்துவைக்கின்றன. கார்பன் சுழற்சியின் அம்புக்குறிப் படத்தை மனப்பாடம் செய்துவிட்டு வரும் மாணவர்களுக்கு, அந்த அம்புகளுள் ஒன்று இங்கே ஏன் வேகம் குறைகிறது என்பது மூக்கின் வழியாகவே புரிகிறது.

அடுத்து வேர்கள். அவிசென்னியா எனப்படும் அலையாத்தி மரத்தைச் சுற்றிலும் பென்சில் நட்டுவைத்ததைப் போல நூற்றுக்கணக்கான மூச்சுவேர்கள் சேற்றிலிருந்து நிமிர்ந்து நிற்கும். சேற்றுக்குள் இருக்கும் வேர்ப்பகுதிகளுக்குத் தேவையான ஆக்சிஜன், இவற்றின் மேலுள்ள நுண்துளைகள் வழியாகவே உள்ளே செல்கிறது. ரைசோபோரா எனப்படும் சுரபுன்னை வேறுவிதமானது. அது தண்டிலிருந்து வளைந்து இறங்கும் முட்டுவேர்களால் தன்னைத் தாங்கிக்கொள்கிறது. உப்பைச் சமாளிப்பதிலும் இவ்விரண்டும் வேறுபடுகின்றன. சுரபுன்னை உப்பின் பெரும்பகுதியை வேரிலேயே வடிகட்டித் தடுத்துவிடுகிறது. அலையாத்தியோ உள்ளே வந்த உப்பை இலைகளிலுள்ள சுரப்பிகள் வழியாக வெளியேற்றுகிறது. மழையில்லாத நாளில் கைலென்ஸ் வைத்துப் பார்த்தால் இலையின் மேல் உப்புப் படிகங்கள் தெரியக்கூடும். சவ்வூடுபரவல் பாடத்தில் உருளைக்கிழங்குத் துண்டை உப்புநீரில் போட்டால் சுருங்கும் என்று படித்த பிள்ளை, உப்புநீரிலேயே நிற்கும் மரம் ஏன் வாடவில்லை என்று தானாகவே கேட்கும். எந்தப் பயிற்சித்தாளும் அந்தக் கேள்வியை இவ்வளவு இயல்பாக எழுப்பி நான் கண்டதில்லை. ஒரு மரத்திலிருந்தும் இலையைப் பறிக்கக் கூடாது, சேற்றில் இறங்கவும் கூடாது என்பதை மட்டும் முன்கூட்டியே சொல்லிவைக்க வேண்டும். இது சட்டப் பாதுகாப்பு பெற்ற வனப்பகுதி.

அதே சேற்றில் மட்ஸ்கிப்பர் மீன்கள் மார்புத் துடுப்புகளை ஊன்றித் தாவுவதைப் பார்க்கலாம். தோலும் வாயின் உட்புறமும் ஈரமாக இருக்கும்வரை அவற்றால் காற்றிலிருந்தும் ஆக்சிஜனைப் பெற முடியும். வாயு பரிமாற்றம் நிகழும் பரப்பு ஏன் ஈரமாக இருக்கவேண்டும் என்ற தேர்வு வினாவுக்கு, நம் நுரையீரலின் சிற்றறைகளைவிடக் கண்ணுக்குத் தெரியும் எடுத்துக்காட்டு இது. சேற்று இறால்கள் எழுப்பிய மண்மேடுகளும் நடைபாதை ஓரத்தில் தென்படும். இறாலைக் காண்பது அரிது. ஆனால் ஆழத்து மண்ணை அது மேலே கொண்டுவருவதால் அந்த மண்ணில் காற்றோட்டம் உண்டாகிறது, அந்த மேடுகளில் வேறு பல உயிரினங்களும் குடியேறுகின்றன.

நீர் ஏறும் நேரத்தில் இந்தக் காட்சிகளில் பெரும்பாலானவை மறைந்துவிடும். அப்போது பார்க்கவேண்டியவை பறவைகள். செப்டம்பர் முதல் மார்ச் வரை, வடக்கே சைபீரியா வரையுள்ள நிலப்பகுதிகளிலிருந்து ஆஸ்திரேலியாவை நோக்கிச் செல்லும் கரைப்பறவைகள் கிழக்காசிய ஆஸ்திரலேசியப் பறவைப் பாதையில் இங்கே தங்குகின்றன. வெளியிலுள்ள சேற்றுவெளிகள் மூழ்கியதும் அவை உள்ளே இருக்கும் குளங்களுக்கு வந்து ஓய்வெடுக்கும். அந்தக் குளங்கள் ஒருகாலத்தில் இறால் பண்ணைகளாக இருந்தவை. மதகுகளால் அவற்றின் நீர்மட்டம் இன்றும் கட்டுப்படுத்தப்படுவதால், பறவைகள் நிற்கப் போதிய ஆழமற்ற இடம் கிடைக்கிறது. பார்வைக் குடிலில் அமைதியாக உட்கார்ந்தால் சிவந்த கால்களையுடைய ரெட்ஷாங்க் பறவைகளையும் வளைந்த அலகுள்ள விம்ப்ரல் பறவைகளையும் அடையாளம் காணலாம். இரண்டின் அலகு நீளத்தையும் ஒப்பிட்டு, ஒரே சேற்றில் அவை எந்தெந்த ஆழத்தில் இரை தேடும் என்று மாணவர்களை ஊகிக்கச் சொல்வது நல்ல பயிற்சி. தொலைநோக்கி இல்லாமல் போனால் இந்தப் பகுதி ஏமாற்றமளிக்கும். ஏப்ரல் முதல் ஆகஸ்ட் வரை போகிறவர்கள் பறவைகளை நம்பாமல் சேற்றை நம்பிப் போவது நல்லது.

இந்த இடம் தப்பிப் பிழைத்த வரலாற்றையும் பிள்ளைகளுக்குச் சொல்லவேண்டும் என்று நினைக்கிறேன். 1986 இல் பறவை ஆர்வலர்கள் சிலர் இதன் மதிப்பை உணர்ந்து, பாதுகாக்குமாறு அரசாங்கத்திடம் வேண்டினர். 1993 டிசம்பரில் இயற்கைப் பூங்காவாகத் திறக்கப்பட்டது. 2002 இல் பாதுகாக்கப்பட்ட வனப்பகுதியானது. 2003 இல் ஆசியான் மரபுப் பூங்கா என்ற தகுதியைப் பெற்றது. 1820களில் தீவின் நிலப்பரப்பில் ஏறத்தாழ 13 விழுக்காடு சதுப்புநிலக் காடாக இருந்தது. இன்று ஒரு விழுக்காட்டுக்கும் குறைவு. மனிதரின் நிலப் பயன்பாடும் பல்லுயிர் இழப்பும் என்ற பாடத்துக்கு அயல்நாட்டு உதாரணம் தேடவேண்டியதில்லை.

உடல்நலம் பற்றிய கேள்வியும் பெற்றோரிடமிருந்து தவறாமல் வருகிறது: கொசுக்கடியால் டெங்கி வராதா? கொசுவிரட்டி மருந்து அவசியந்தான், நீண்ட கால்சட்டையும் நல்லது. ஆனால் டெங்கியைப் பரப்பும் ஏடிஸ் எஜிப்டி கொசு பெரும்பாலும் வீட்டைச் சுற்றித் தேங்கும் நன்னீரில், குறிப்பாகப் பூச்சட்டித் தட்டு, வாளி போன்றவற்றில், முட்டையிடுகிறது. கடலோர உவர்நீரில் பெருகக்கூடியவை சில அனாஃபிலிஸ் கொசுக்கள். அவற்றால் மலேரியா பரவிய காலம் இங்கும் இருந்தது. சிங்கப்பூரை மலேரியா அற்ற நாடாக உலகச் சுகாதார நிறுவனம் 1982 இல் அறிவித்தது. உண்மையில் கொசுவைவிட நான் கவலைப்படுவது வெப்பத்தைப் பற்றித்தான். காற்றில் ஈரப்பதம் மிகுந்திருப்பதால் வியர்வை எளிதில் ஆவியாவதில்லை. வியர்வை வழிந்துகொண்டே இருக்கும், உடல் குளிர்வதில்லை. ஆளுக்கு ஒரு பெரிய தண்ணீர்ப் புட்டியாவது வேண்டும். உவர்நீர் முதலைகள் இங்கே வாழ்வதால் பாதையைவிட்டு நீரோரம் இறங்கவே கூடாது. முதலையைப் பார்க்க விரும்புவோர் பிரதான பாலத்தின் மேலிருந்து பொறுமையாகத் தேடலாம்.

தொடக்கநிலைக் கீழ்வகுப்புப் பிள்ளைகளுக்கு இந்த நடை நீளம். உடும்பைக் கண்டதும் வரும் உற்சாகம் அரைமணி நேரத்தில் அடங்கிவிடும். தொடக்கநிலை ஐந்து, ஆறாம் வகுப்பினருக்கு உணவுவலையும் தகவமைப்பும் போதும். உயர்நிலை மூன்றாம் வகுப்புக்கு மேற்பட்டவர்களுக்குத்தான் நான் முழு மனத்துடன் பரிந்துரைக்கிறேன். அவர்களை நீர் முழுவதும் இறங்குவதற்கு ஒரு மணி நேரம் முன்பே அழைத்துச் சென்று, முதலில் மரநடைபாதையைப் பார்த்துவிட்டு, நீர் திரும்பி ஏறத் தொடங்கும்போது பார்வைக் குடிலுக்கு வந்துசேருமாறு நேரத்தை அமைத்துக்கொள்ளுங்கள்.