கடலூர் மண்ணுக்கு ஏ.டி. டயரா, எம்.டி. டயரா?

2025 ஏப்ரலில் என் மஹிந்திரா தார் வண்டியின் ஐந்து டயரையும் கழற்றிவிட்டு ஏ.டி. என்கிற ஆல் டெரெய்ன், அதாவது ரோடு, மண் எல்லாவற்றுக்கும் பொதுவான டயர் போட்டேன். அதற்கு முன் மூன்று வருடம், ஏறக்குறைய 31,000 கிலோமீட்டர், எம்.டி. என்கிற மட் டெரெய்ன், அதாவது சேற்றுக்கென்றே செய்த டயரில்தான் ஓடினேன். இரண்டையும் சொந்தக் காசில் வாங்கி, ஒரே வண்டியில், ஒரே பாதையில் ஓட்டியிருக்கிறேன். கடலூர், பண்ருட்டி, புதுச்சேரி பக்கம் ஃபோர் வீல் டிரைவ் வண்டி வைத்திருப்பவர்களில் பெரும்பாலானோருக்கு ஏ.டி.தான் சரி என்பது என் முடிவு. வெள்ளாற்றுக்குத் தெற்கே அடிக்கடி வயலில் வண்டியை இறக்குபவருக்கு மட்டும் இதைச் சொல்ல மாட்டேன். அதற்குக் கடைசியில் வருகிறேன்.

எம்.டி. ரோட்டில் இரையும், டீசல் கொஞ்சம் கூடக் குடிக்கும், பார்க்க முரட்டு அழகாக இருக்கும். இதெல்லாம் எல்லாரும் சொல்வதுதான். யாரும் அதிகம் பேசாதது தேய்மானமும் பராமரிப்பும். எனக்கு முடிவெடுக்க வைத்தது அதுதான்.

முதலில் என் ஓட்டம். வீடு கடலூர் மஞ்சக்குப்பத்தில். வாரத்துக்கு மூன்று நாள் வேலையாகப் புதுச்சேரி போய் வருவேன். ஞாயிற்றுக்கிழமை பண்ருட்டியைத் தாண்டி இருக்கும் முந்திரித் தோப்புக்குப் போவேன். தோப்புக்குள் போகும் செம்மண் தடம் இரண்டு கிலோமீட்டர். மச்சான் வயல் காட்டுமன்னார்கோயில் பக்கம், வருடத்தில் நாலைந்து தடவை அங்கே. ஒருநாள் உட்கார்ந்து கணக்குப் போட்டேன். 31,000 கிலோமீட்டரில் மண்ணில் ஓடியது 800-ஐத் தாண்டவில்லை. மீதி முழுக்க நல்ல ரோடு. டயரின் ஆயுளைத் தின்றது சேறு இல்லை, புதுச்சேரி ரோடுதான்.

எம்.டி. டயர் ரோட்டில் எப்படித் தேய்கிறது என்பதைக் கையால் தொட்டுப் பார்த்தால்தான் புரியும். டயர் மேல் எழும்பி நிற்கும் ரப்பர் கட்டியைக் கடைக்காரர்கள் பட்டன் என்பார்கள். எம்.டி.யில் இந்தப் பட்டன்கள் உயரமானவை, ஒன்றுக்கொன்று தள்ளி நிற்பவை. பக்கத்தில் தாங்க ஆள் இல்லை. ரோட்டில் உருளும்போதும் பிரேக் அடிக்கும்போதும் ஒவ்வொரு பட்டனும் கொஞ்சம் மடங்கி, தரையை விட்டு எழும்போது உரசிக்கொண்டு நிமிர்கிறது. அதனால் பட்டனின் ஒரு ஓரம் மட்டும் சீக்கிரம் கரைகிறது. 14,000 கிலோமீட்டர் வாக்கில் வண்டியில் புதிதாக ஒரு உறுமல் கேட்கிறதே என்று டயர் கடைக்குப் போனேன். வீல் பேரிங் போய்விட்டதோ என்று எனக்குப் பயம். கடைக்காரர் முன் டயரைத் திருப்பிவிட்டு, "சார், உள்ளங்கைய வச்சு ஒரு பக்கமா தடவுங்க, அப்புறம் எதிர்ப் பக்கமா தடவுங்க" என்றார். ஒரு திசையில் கை வழுக்கிக்கொண்டு போனது. எதிர்த் திசையில் ரம்பத்தின் பல் மாதிரி ஒவ்வொரு பட்டனும் விரலைப் பிடித்தது. உறுமல் வந்தது அந்த ரம்பத்திலிருந்துதான்.

டயர்களை முன்னும் பின்னும் இடம் மாற்றிப் போடுவதுதான் இதற்கு மருந்து. ஆனால் பட்டனில் இந்த ரம்பப் பல் உருவாவதற்கு முன்னால் மாற்ற வேண்டும். நான் முதல் தடவை மாற்றியதே 12,000 கிலோமீட்டரில். அது என் தப்பு. எம்.டி. என்றால் 5,000-க்கு ஒருமுறை மாற்றியே ஆகவேண்டும். ஒருமுறை பல் உருவாகிவிட்டால், பிறகு எங்கே மாற்றிப் போட்டாலும் சத்தம் எளிதில் குறையாது. ஏ.டி.யில் பட்டன்கள் நெருக்கமாக, ஒன்றை ஒன்று தாங்கிக்கொண்டு நிற்கின்றன. 8,000-க்கு ஒருமுறை மாற்றினால் போதும். இப்போது 8,500 கிலோமீட்டர் ஓடியிருக்கிறேன், ஒருமுறை மாற்றிவிட்டேன். இரண்டு திசையிலும் தடவிப் பார்த்தேன், வித்தியாசம் கைக்குத் தெரியவில்லை. 31,000-ல் எப்படி இருக்கும் என்பதை ஓடிய பிறகுதான் சொல்ல முடியும்.

இடம் மாற்றும்போது ஸ்டெப்னியையும் சேர்த்து ஐந்தாக மாற்றுங்கள். இதில் சோம்பல் படக்கூடாது. ஃபோர் வீல் போட்டால் முன் அச்சும் பின் அச்சும் ஒரே வேகத்தில் சுற்றும்படி பூட்டிக்கொள்கின்றன. முன் டயர் தேய்ந்தும் பின் டயர் தேயாமலும் இருந்தால் சுற்றளவு வேறுபடும், அந்த இழுபறி முழுக்க, இன்ஜின் விசையை இரண்டு அச்சுக்கும் பிரித்துக் கொடுக்கும் டிரான்ஸ்ஃபர் கேஸ் மேல் விழும். பாதி தேய்ந்த நான்கு டயரோடு வெயிலில் தொங்கிக் கிடந்த புத்தம்புது ஸ்டெப்னியை மாட்டி ஃபோர் வீல் போடுவதும் இதே கதைதான். சீராகத் தேயாத டயர் வெறும் சத்தத்தோடு விடாது, கியர் பெட்டி வரைக்கும் செலவு வைக்கும். எம்.டி.யை நான் கைவிட்டதற்கு இதுதான் முதல் காரணம். கழற்றும்போது பாதிக்குமேல் பட்டன் மிச்சம் இருந்தது. ஆனாலும் ஐந்துக்கும் சேர்த்துக் கிடைத்த பணம் ஒரு புது டயர் வாங்கவும் பற்றவில்லை. ரம்பப் பல் உருவான எம்.டி.யை யார் வாங்குவார்கள்?

இரண்டாவது காரணம் நனைந்த ரோடு. 2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரை கடந்தது. ஒரே நாளில் புதுச்சேரியில் 40 சென்டிமீட்டருக்கும் மேல் மழை. அப்புறம் சாத்தனூர் அணையிலிருந்து திறந்த தண்ணீர் தென்பெண்ணையில் வந்து கடலூரில் எத்தனையோ ஊரை மூழ்கடித்தது. அந்த வெள்ள நீருக்குள் என் எம்.டி. அசராமல் போனது, நன்றியோடு சொல்கிறேன். ஆனால் ஒரு வாரம் கழித்து ரெட்டிச்சாவடி அருகே லேசான தூறல், ரோட்டில் வண்டல் படிந்த ஈரம். எதிரே ஒரு மாடு குறுக்கே வந்தது. பிரேக் மிதித்தேன், சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுக்கும் ஏ.பி.எஸ். காலுக்கடியில் படபடவென்று அடித்தது, வண்டி நிற்காமல் நேராக வழுக்கிக்கொண்டே போனது. மாடு தானாக நகர்ந்ததால் தப்பியது. வேகம் 50 கூட இருக்காது.

காரணம் எளிது. எம்.டி.யில் இடைவெளி அதிகம், தரையைத் தொடும் ரப்பர் குறைவு. ஏ.டி.யின் பட்டன்களில் பிளேடால் கீறியது போல மெல்லிய கீறல்கள் நிறைய இருக்கும். நீர்ப்படலத்தைத் துடைத்துப் பிடி கொடுப்பவை அவைதான். எம்.டி.யில் அவை மிகக் குறைவு. தேங்கி நிற்கும் ஆழத் தண்ணீரை எம்.டி.யின் அகலக் கால்வாய்கள் நன்றாகவே வெளியேற்றும். காலை வாருவது மெல்லிய ஈரம். நம் ஊரில் தோப்பும் வயலும் சேறாகிற ஐப்பசி, கார்த்திகையில்தான் ரோடும் ஈரமாகக் கிடக்கிறது. சேற்றுக்கு என்று போட்ட டயர் சேறு வருவதற்கு முன் 25 கிலோமீட்டர் ஈர ரோட்டில் நம்மைக் கொண்டுபோக வேண்டியிருக்கிறது.

சரி, மண்ணுக்கு வருவோம். பண்ருட்டிச் செம்மண்ணில் மணல் கலந்திருக்கும். மழை பெய்து இரண்டு மணி நேரத்தில் தண்ணீரைக் குடித்துவிடும். அங்கே ஏ.டி. எந்தக் குறையும் வைக்கவில்லை. கடலோரச் சவுக்குத் தோப்புகளின் தளர்ந்த மணலில் ஏ.டி.யே மேல். மணலில் டயர் மிதக்க வேண்டும். எம்.டி. ஒரு நொடி சுழன்றால் தானே குழி தோண்டி உட்கார்ந்துகொள்ளும். காற்றை 18 பி.எஸ்.ஐ.க்கு இறக்கிவிட்டு, ஆக்சிலரேட்டரை அவசரமில்லாமல் மிதித்தால் ஏ.டி. கடந்துவிடும். டயர் மாற்றும் யோசனையில் இருப்பவர்கள் அதற்கு முன் காற்றை இறக்கி ஓட்டிப் பாருங்கள், பாதிப் பிரச்சினை அதிலேயே தீரும். திரும்ப ரோடு ஏறும்போது காற்றடிக்கச் சின்னக் கம்ப்ரசர் ஒன்று வண்டியில் இருக்கட்டும். ஆனால் கடற்கரையில் ஓட்டவே ஓட்டாதீர்கள். ஜனவரி முதல் மார்ச் வரை நம் கரைக்குப் பங்குனி ஆமைகள் முட்டையிட வருகின்றன.

சைடு வால் என்கிற டயரின் பக்கச் சுவரில் எம்.டி. பலசாலி. முந்திரி வெட்டிய கட்டைகளில் மூன்று வருடம் உரசியும் ஒருமுறைகூடக் கிழியவில்லை. ஏ.டி.க்கு இன்னும் ஒரு வருடம் முடியாததால் இதில் நான் தீர்ப்புச் சொல்லவில்லை. சீமைக்கருவேல முள்ளுக்கு இரண்டும் ஒன்றுதான். பாறைப் பாதை என்றால் கல்வராயன் மலைப் பக்கம் இரண்டே தடவை போனது, அதை வைத்துப் பேச மாட்டேன்.

வாங்கும்போது அளவை மாற்றாதீர்கள். என் வண்டிக்கு 245/75 ஆர் 16, அதையேதான் போட்டேன். பெரிய டயர் போட்டால் ஸ்பீடோமீட்டர் உண்மையைவிடக் குறைவாகக் காட்டும். இதே அளவில் எல்.டி. என்று போட்ட, சரக்கு வண்டிக்கான தடித்த வகையும் கிடைக்கும். எவ்வளவு சுமை தாங்கும் என்பதைக் குறிக்கும் லோட் எண் அதற்கு 120, சாதா வகைக்கு 111. சுமை ஏற்றாதவருக்கு அது வெறும் குலுக்கல். டயர் ஓரத்தில் தேதி எண்ணையும் பாருங்கள். 2325 என்றால் 2025-ன் 23-வது வாரம் செய்தது. 2025 செப்டம்பர் 22 முதல் டயருக்கு ஜி.எஸ்.டி. 28-லிருந்து 18 சதவீதம் ஆகிவிட்டது. நான் ஐந்து மாதம் பொறுத்திருந்தால் எனக்கும் மிச்சமாகியிருக்கும்.

இனி வெள்ளாற்றுக்குத் தெற்கே. கடந்த நவம்பரில் புது ஏ.டி.யோடு மச்சான் வயல் வரப்புக்குப் போனேன். அது வண்டல் களிமண். முப்பது அடிகூடப் போகவில்லை, நின்றுவிட்டது. மச்சான் இறங்கி டயரைக் காட்டி, "மாமா, பட்டனுக்கு நடுவுல பாருங்க, பூசி வச்ச மாதிரி இருக்கு" என்றான். உண்மைதான். நெருக்கமான இடைவெளி முழுக்கக் களிமண் அடைத்து, டயர் குழவிக்கல் போல வழவழவென்று இருந்தது. காற்றை இறக்கியும் பயனில்லை, டிராக்டர்தான் இழுத்தது. அவன் பொலிரோவில் எம்.டி. போட்டிருக்கிறான். சக்கரம் சுழலச் சுழல அகலமான இடைவெளியிலிருந்து களி தெறித்து விழுந்து டயர் தன்னைத்தானே சுத்தம் செய்துகொண்டது. அதே வரப்பில் அவன் போய்த் திரும்பினான். அந்த மண்ணுக்கு எம்.டி. தவிர வேறு வழியில்லை. அவனோ நெடுஞ்சாலையில் அதிகம் ஓட்டுவதில்லை, 5,000-க்கு ஒருமுறை தவறாமல் டயரை இடம் மாற்றிப் போடுகிறான்.

இப்போதெல்லாம் மழை பிடித்துவிட்டால் அவன் ஊர் முனையில் தார் ரோட்டோரம் என் வண்டியை நிறுத்திவிட்டு, அவன் வண்டியில் ஏறிக்கொள்கிறேன்.