முடிக்கு மூன்று ஸ்டார், பேச்சுக்கு ஐந்து

பாஸ்டனுக்குப் பக்கத்தில் வால்தமில் இருக்கிறது இந்த முடிவெட்டும் கடை. பெயரை எழுதப் போவதில்லை. என் வலது கிருதாவைப் பற்றிக் கீழே சொல்லியிருப்பதைக் கடைக்காரர் படித்துவிடுவார். அவருக்குத் தமிழ் தெரியாதுதான், ஆனால் இப்போது போனே மொழிபெயர்த்துக் கொடுத்துவிடுகிறதே.

நாற்காலி மூன்று, வெட்டுகிற ஆள் ஒருவர். 28 டாலர், ரொக்கம் மட்டும். டிப்ஸோடு 35 எடுத்துக்கொண்டு போங்கள். மெஷின் போடுவதில் கை சுத்தம். பிடரியில் சூடான நுரை தடவிச் சவரக்கத்தியால் வழித்துவிடுவார். இந்த ஊரில் அதைச் செய்ய ஆள் தேடவேண்டும் என்பதால்தான் முதலில் அங்கே போனேன். குறை ஒன்றுதான்: பேச்சு சூடானால் கை நின்றுவிடும். அரை மணி நேர வேலைக்கு ஒரு மணி நேரம் ஆகும்.

போனால் குளிர்காலத்தில் போங்கள். கோடையில் பாஸ்டனின் பேஸ்பால் அணியான ரெட் சாக்ஸ் ஆட்டம் ஓடிக்கொண்டிருக்கும், எல்லாரும் டிவியைப் பார்த்து உட்கார்ந்திருப்பார்கள். ஆட்டமே இல்லாத நவம்பரில்தான் கடை களைகட்டும். யாரை வாங்கினார்கள், யாரை அனுப்பினார்கள், மேலிடத்துக்கு மூளை இருக்கிறதா என்று பிப்ரவரி வரை ஓடும். எங்கள் விருதுநகர் சலூனில் தேர்தலைவிடத் தேர்தலுக்கு முந்தைய சீட்டுப் பேரம்தான் ருசியாக இருக்கும். இங்கேயும் அப்படித்தான்.

எதிர்க்கட்சி, ஓய்வுபெற்ற ஒரு தபால்காரர். வழுக்கை, வெட்ட ஒன்றும் கிடையாது. ஆனாலும் தினமும் வந்து ஹீட்டர் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்துவிடுவார். சட்டைப் பையில் ஒரு குட்டி நோட்டு, அதில் பென்சிலால் எழுதிய கணக்கு.

நிரந்தர வழக்கு கிரிஸ் சேல். 2018இல் ரெட் சாக்ஸ் வென்ற உலகத் தொடரின், அதாவது சாம்பியன் பட்டத்துக்கான இறுதித் தொடரின், கடைசி அவுட்டை எடுத்த இடதுகைப் பிட்சர் (பந்து வீசுபவர்). 2023 டிசம்பர் 30 அன்று அவரை அட்லான்டா அணிக்கு அனுப்பினார்கள், கூடவே 1.7 கோடி டாலரும். அணி நிர்வாகத்தின் தலைவர் டாம் வெர்னர் முழு வேகத்தில் இறங்கப் போகிறோம் என்று சொன்ன அதே குளிர்காலம். பதிலுக்கு வந்தவர் வான் கிரிஸம் என்ற இளைஞர். அடுத்த ஆண்டே சேல் 18 வெற்றி, 3 தோல்வி, 225 ஸ்டிரைக் அவுட் (பந்தை அடிக்கவிடாமல் எடுக்கும் அவுட்), ஒன்பது இன்னிங்ஸுக்குச் சராசரி 2.38 ரன் என்று வீசி, இரண்டு பெரிய லீக்குகளில் ஒன்றான நேஷனல் லீக்கின் சிறந்த பிட்சருக்கான சை யங் விருதை வாங்கிக்கொண்டார். மாட்டையும் கொடுத்துத் தீவனமும் கட்டிக்கொடுத்த கதை.

கடைக்காரர் இதை ஆரம்பித்தால் சீப்பைப் பந்தாகப் பிடித்து, சேல் மாதிரியே கையைப் பக்கவாட்டில் வீசிக் காட்டுவார். கண்ணாடியில் பார்த்துக்கொண்டிருக்கிற நமக்குத்தான் வயிற்றைக் கலக்கும்.

போன மாதம் நான் உட்கார்ந்திருந்தபோது தபால்காரர் நோட்டைப் பிரித்தார். "2020, முழங்கை ஆபரேஷன், ஒரு ஆட்டம்கூட இல்லை. 2021, ஒன்பது. 2022, இரண்டு. அந்த வருஷம் முதலில் விலா எலும்பு, அப்புறம் பந்து பட்டு விரல், அப்புறம் சைக்கிளிலிருந்து விழுந்து மணிக்கட்டு. 2023, இருபது. நாலு வருஷத்துக்கு 31 ஆட்டம். ஐந்து வருஷத்துக்கு 14.5 கோடி டாலர் பேசிய ஆள் சைக்கிளில் விழுகிறான். அடுத்து எதிலிருந்து விழுவான் என்று பார்த்துக்கொண்டே இருக்கச் சொல்கிறாயா?"

மெஷின் நின்றது. "சரி, அனுப்பு. வேண்டாமென்று யார் சொன்னது? அந்தக் கிரிஸம் 2024இல் நமக்கு எத்தனை ஆட்டம் ஆடினான், அதையும் உன் நோட்டில் பார்த்துச் சொல்."

தபால்காரர் பக்கத்தைத் திருப்பினார். விரலை வைத்துத் தேடினார். பிறகு சொல்ல மனமில்லாமல் சொன்னார்: "31."

என் வலது கிருதா இடதைவிட ஒரு விரல் மேலே போனது அந்தச் சந்தோஷத்தில்தான்.

பிட்சர் லூகாஸ் ஜியோலிட்டோ பற்றி இருவருக்கும் சண்டை இல்லை. சேல் போன அதே சமயம் இரண்டு வருடத்துக்கு 3.85 கோடி டாலர் பேசி எடுத்தார்கள். சீசன் தொடங்குமுன் பயிற்சியிலேயே முழங்கை போய்விட்டது. 2024இல் ஒரு ஆட்டம் வீசவில்லை.

இந்தப் பேரங்களை முடிப்பவர் கிரெய்க் பிரெஸ்லோ. தானே இடதுகைப் பிட்சராக இருந்தவர், யேல் பல்கலைக்கழகத்தில் மூலக்கூறு உயிர் இயற்பியலும் உயிர் வேதியியலும் படித்தவர். கடையில் அவர் பெயர் 'புரொபசர்'. கோபத்தில் வேறு பெயர்களும் உண்டு. ஆனால் பிட்சர் கேரட் குரோஷேயைக் கொண்டுவந்த விஷயத்தில் நான் புரொபசர் பக்கம். 2024 டிசம்பரில் கைல் டீல், பிரேடன் மான்ட்கோமரி உட்பட நான்கு இளைஞர்களைச் சிகாகோ ஒயிட் சாக்ஸுக்குக் கொடுத்து வாங்கினார். நாற்றைப் பிடுங்கி விற்கிறார்கள் என்று தபால்காரர் அன்று புலம்பியிருக்கிறார். 2025இல் குரோஷே 18 வெற்றி, 255 ஸ்டிரைக் அவுட். பரம எதிரியான யாங்கீஸின் நியூயார்க்குக்கே போய், பிளேஆஃப் முதல் ஆட்டத்தில் 117 பந்து வீசி ஒரே ரன் கொடுத்தார். தொடர் கைவிட்டுப் போனது வேறு விஷயம். டீல் அந்த வருஷம் நன்றாக ஆடியதையும் தபால்காரர் தவறாமல் குறித்து வைத்திருக்கிறார்.

2025-26 குளிர்காலத்தில்தான் வேடிக்கை. நவம்பரில் பிட்சர் சானி கிரே வந்தார். ஜனவரியில் பேட்டர் அலெக்ஸ் பிரெக்மன் சிகாகோ கப்ஸுக்குப் போக, சில நாளிலேயே பிட்சர் ரேஞ்சர் சுவாரஸுக்கு ஐந்து வருடம், 13 கோடி டாலர். வருடக்கணக்காகப் பிட்சர் வேண்டும் என்று கத்திய கடைக்காரர் குதித்திருக்க வேண்டாமா? துணியை உதறிக்கொண்டே, "எல்லாரும் வீசினால் எவன் அடிப்பான்?" என்றார்.

தபால்காரர் ஹீட்டரை விட்டு எழுந்தே வந்துவிட்டார். "பிட்சர் பிட்சர் என்று உயிரை வாங்கினாய். வாங்கிக் கொடுத்தால் இது. உனக்கு அணி வேண்டாம் ஐயா, குறைதான் வேண்டும்."

இதில் தபால்காரர் சொன்னதுதான் சரி. ஆனால் என் கழுத்து அப்போது கடைக்காரரிடம் இருந்ததால் நான் வாயைத் திறக்கவில்லை.

போகிறவர்களுக்கு: புதன்கிழமை காலை கூட்டம் குறைவு. ஜன்னலோர நாற்காலி வேண்டாம், குளிர் காற்று உள்ளே வரும். கிருதாவை முதலிலேயே முடித்துவிடச் சொல்லுங்கள். நட்சத்திர வீரர் மூக்கி பெட்ஸை 2020இல் லாஸ் ஏஞ்சலஸ் டாட்ஜர்ஸுக்கு அனுப்பியதைப் பற்றிக் கேட்க ஆசையாக இருந்தால், கத்தியைத் துடைத்து மடித்து டிராயரில் வைத்த பிறகு கேளுங்கள்.