"அப்ரூவல் வந்திட்டுது" எண்டதை நம்பி அட்மிட் ஆகாதேங்கோ

கிளிநொச்சி, முல்லைத்தீவுப் பக்கம் சுகாதாரக் காப்புறுதி வைச்சிருக்கிற ஆக்கள் இதை வாசியுங்கோ. எங்கட கையால 385,000 ரூபா போட்டுது. கொம்பனியின்ர பேர் போடேல்லை. வீடு வீடா ஏஜென்ட் அனுப்பி, "கார்ட்டை நீட்டினாக் காணும், ஒரு சதம் கட்டத் தேவையில்லை" எண்டு விக்கிற கொம்பனியளில ஒண்டு.

அக்காவுக்குப் பித்தப்பைக் கல்லு. யாழ்ப்பாணத்தில தனியார் ஆஸ்பத்திரியில லப்ரொஸ்கோபி ஒப்பரேஷன். முன் அனுமதிக்கு, அதாவது செலவைத் தாறம் எண்டு கொம்பனி முந்தியே ஒத்துக்கொள்ளுறதுக்கு, கேட்டதெல்லாம் குடுத்தாச்சு: டொக்டர் நிரப்பிக் கையெழுத்து வைச்ச படிவம், ஸ்கான் ரிப்போட், ஆஸ்பத்திரி தந்த செலவு மதிப்பீடு, கிளினிக் கொப்பியின்ர பிரதி. தொகை போட்டு அனுமதிக் கடிதம் வந்தது. கீழ பொடி எழுத்தில "இறுதிப் பில் பரிசீலனைக்கு உட்பட்டது" எண்டு ஒரு வரி. ஏஜென்டைக் கேட்டால், "அது எல்லாருக்கும் சும்மா போடுறது அக்கா". அந்தச் சொல்லிலதான் அட்மிட்.

அந்த வரிதான் கழுத்தறுத்தது. துண்டு வெட்டேக்க (டிஸ்சார்ஜ் ஆகேக்க) முழுப் பில்லும் ரெண்டாந்தரம் கொழும்புக்குப் போகும். சனி பின்னேரம் பதில் வந்தது: பொலிசி எடுக்க முந்தியே இருந்த வருத்தம், தரேலாது. ஆதாரம் அதே கிளினிக் கொப்பி! முந்திக் கேஸ்ட்ரிக் எண்டு ஒமிப்ரசோல் குடுத்த பக்கம். கல்லு நோவும் கேஸ்ட்ரிக் நோவும் மேல் வயித்திலதான் வரும், ஸ்கான் இல்லாமல் உறுதியாச் சொல்லேலாது. ஸ்கானில கல்லுத் தெரிஞ்சது பொலிசி எடுத்தாப் பிறகு. நேரில பாத்த டொக்டருக்கே தெரியாத கல்லு கொழும்பில கதிரையில இருக்கிறவருக்கு எப்பிடித் தெரிஞ்சது? முதல் அனுமதி தரேக்க அந்தப் பக்கம் கண்ணில படேல்லையோ? ஆஸ்பத்திரியில காசு கட்டாமல் ஆளை விடமாட்டினம். நகை அடகுக்குப் போச்சு, 385,000.

பிறகு கிளையில "கொழும்பைக் கேளுங்கோ". ஹொட்லைனில தமிழுக்கு நம்பர் அமத்தினாச் சிங்களத்தில ஆள். அவர் "ஏஜென்டோட கதையுங்கோ". ஏஜென்ட் போன் எடுக்கிறேல்லை. ஒரிஜினல் பில் கேட்டினம், குடுத்தம். வெட்டின பித்தப்பையின்ர திசுப் பரிசோதனை ரிப்போட் கேட்டினம், அதுவும் போச்சு. கடைசியா இங்கிலிசில ரெண்டு வரி மறுப்பு.

அமெரிக்காவில இந்த முன் அனுமதிக் கூத்துக்கு 2024 இல விதி போட்டவை. அரச காசில ஓடுற திட்டங்களுக்கு 2026 இல இருந்து அவசரமெண்டால் 72 மணித்தியாலம், மற்றதுக்கு 7 நாள், மறுத்தால் குறிப்பான காரணம் சொல்லவேணும். 2025 ஜூனில பெரிய கொம்பனியளும் முன் அனுமதியைக் குறைக்கிறம் எண்டு வாக்குக் குடுத்தவை. செய்வினமோ தெரியாது, சொல்லவாவது செய்தினம். எங்களுக்கு ரெண்டு வரி.

பொலிசி விண்ணப்பத்தில பழைய மருந்து எல்லாம் எழுதுங்கோ. ஏஜென்டை "இல்லை" எண்டு கோடு போட விடாதேங்கோ. இறுதி அனுமதி எப்ப, ஆர் தாறது எண்டு அட்மிட் ஆக முந்தி எழுத்தில வாங்குங்கோ. சனி ஞாயிறில துண்டு வெட்டாத மாதிரி நாள் எடுங்கோ. ஒரிஜினல் அனுப்ப முந்தி எல்லாத்துக்கும் போட்டோக்கொப்பி. மறுத்தால் முதல் கொம்பனிக்கு எழுத்தில முறைப்பாடு, அதுக்குப் பிறகு காப்புறுதி முறைப்பாடுகளை விசாரிக்கிற ஒம்புட்ஸ்மன். எங்கட கடிதம் இண்டைக்குப் பதிவுத் தபாலில போகுது.