தட்டு, உருண்டை, சில்லு: கல்லீரல் புற்றணுக்களோடு எதிர்ப்பணுக்களை எங்கே மோதவிடுவது?

சிங்கப்பூரில் பிறக்கும் குழந்தைகள் அனைவருக்கும் ஹெப்பட்டைட்டிஸ் பி தடுப்பூசி 1987 முதல் போடப்படுகிறது. அதற்கு முந்திய தலைமுறையில் அந்தக் கிருமியை நெடுங்காலமாகச் சுமப்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள். கல்லீரல் புற்றுநோய்க்கு அது ஒரு முக்கியக் காரணம். அதனால், அந்தக் கிருமியின் புரதத் துணுக்குகளை அடையாளம் காணும் டி செல்களை (உடலின் எதிர்ப்பணுக்களில் ஒரு வகை) உருவாக்கிப் புற்றணுக்களின் மேல் ஏவிப் பார்க்கும் ஆய்வுகள் இங்கு தனி அக்கறையோடு நடக்கின்றன. எதிர்ப்பணு புற்றணுவைக் கொல்கிறதா என்ற கேள்விக்குக் கிடைக்கும் விடை, இரண்டையும் எந்தப் பாத்திரத்தில் சேர்த்து வளர்க்கிறோம் என்பதைப் பொறுத்து மாறிவிடுவதுதான் சிக்கல்.

மிகப் பழைய வழி தட்டையான பிளாஸ்டிக் தட்டு. அதன் குழிகளின் அடியில் புற்றணுக்களை ஒட்டி வளரவிட்டு, ஒரு புற்றணுவுக்கு ஒன்று, ஐந்து, பத்து என்ற விகிதங்களில் டி செல்களையோ இயற்கைக் கொல்லி அணுக்கள் என்ற இன்னொரு வகை எதிர்ப்பணுக்களையோ மேலே ஊற்றி, சில மணி நேரம் கழித்துச் செத்த அணுக்களிலிருந்து கசிந்த நொதியை அளக்கிறார்கள். செலவு குறைவு, 96 குழிகளில் ஒரே நாளில் பல விகிதங்களையும் மருந்துகளையும் சோதிக்கலாம், யார் செய்தாலும் முடிவு ஏறத்தாழ ஒன்றாகவே வரும். ஆனால் இங்கே எதிர்ப்பணு எங்கும் பயணம் செய்வதில்லை, புவியீர்ப்பே அதை எதிரியின் மடியில் இறக்கிவிடுகிறது. கொல்லத் தெரியுமா என்று தட்டு கேட்கிறது. போய்ச் சேரத் தெரியுமா என்று கேட்பதே இல்லை.

தட்டில் இன்னொரு கண்ணியும் உண்டு, அது மற்ற முறைகளையும் விடாது. இரத்தக் கொடையாளியின் டி செல்களும் புற்றணுக்களும் வெவ்வேறு எச்.எல்.ஏ (தன்னுடையது, அயலானது என்று பிரித்துக் காட்டும் அணுமேற்பரப்புப் புரதம்) வகையைச் சேர்ந்தவையாக இருந்தால், அயலான் என்ற ஒரே காரணத்துக்காகவே டி செல்கள் தாக்கக்கூடும். அதைப் புற்றுநோய்க்கு எதிரான வெற்றி என்று எழுதிவிடுவது எளிது. எச்.எல்.ஏ வகைகளில் ஒன்றான ஏ2-வில், ஐரோப்பியர்களிடம் பரவலாக உள்ள உள்வகைக்குப் பதிலாகச் சீனர்களிடம் வேறு ஏ2 உள்வகைகளும் கணிசமாகக் காணப்படுவதால், பல இனத்தவர் வாழும் ஊரில் இந்தப் பொருத்தத்தைப் பார்ப்பது வெறும் சம்பிரதாயம் அல்ல. உலகெங்கும் கல்லீரல் புற்றணு என்றே பயன்படுத்தப்பட்டுவந்த ஹெப் ஜி2 என்ற ஆய்வக அணு வரிசை, உண்மையில் சிறுவர்களுக்கு வரும் ஹெப்பட்டோபிளாஸ்டோமா என்ற கல்லீரல் கட்டியிலிருந்து வந்தது என்பதையும் இங்கே சொல்லியாக வேண்டும். பெரியவர்களின் நோயைப் பற்றிப் பேச ஹூ7 போன்ற வரிசையையும் பக்கத்தில் வைத்துக்கொள்வது நல்லது.

நுண்துளைச் சவ்வால் இரண்டு அறைகளாகப் பிரித்த தட்டைப் பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. துளை 0.4 மைக்ரான் என்றால் அணுக்கள் தொட்டுக்கொள்ளாமல் சுரப்புகள் மட்டும் கடக்கும். தொடுகையால் வந்த விளைவையும் சுரப்பால் வந்த விளைவையும் பிரித்தறிய அது போதும், அதற்குமேல் அதனிடம் எதிர்பார்க்கக் கூடாது.

ஒட்டாத குழியில் புற்றணுக்கள் தாமே திரண்டு உருண்டையாவது அடுத்த வழி. உருண்டையின் குறுக்களவு அரை மில்லிமீட்டரை நெருங்கும்போது அதன் நடுப்பகுதிக்கு ஆக்சிஜன் சரிவர எட்டுவதில்லை. கட்டியின் உட்புறத்துக்கு இது தட்டைவிடப் பல மடங்கு நெருக்கமானது. எதிர்ப்பணுக்கள் மேற்பரப்பை மட்டும் மொய்த்துவிட்டு உள்ளே நுழையாமல் நிற்பதை உருண்டையில்தான் கண்ணால் பார்க்க முடிகிறது. ஆயினும் நடுவில் நடப்பதைப் படமெடுப்பது கடினம். உருண்டைகளின் அளவு கொஞ்சம் மாறினாலும் எண்கள் ஆட்டம் போடும்.

மெல்லிய வாய்க்கால்கள் பொறித்த சிறு தகடான நுண்பாய்மச் சில்லில், கூழ்மத்தில் பதித்த புற்றணுத் திரள்கள் ஒரு வாய்க்காலிலும் டி செல்கள் பக்கத்து வாய்க்காலிலும் இருக்கும். டி செல்கள் கூழ்மத்தைத் துளைத்து நடந்து வந்தாக வேண்டும். ஆக்சிஜனைக் குறைத்து வைப்பதும் இங்கே வழக்கம். இன்குபேட்டருக்குள் 20 விழுக்காட்டுக்கு அருகில் இருக்கும் ஆக்சிஜன், கல்லீரலின் நுண்குழாய்களில் அதில் பாதிகூட இருப்பதில்லை. 2018இல் சிங்கப்பூர் ஆய்வாளர்கள் இத்தகைய சில்லில் மோனோசைட்டுகள் என்ற வேறு வகை வெள்ளணுக்களையும் சேர்த்தபோது, ரெட்ரோவைரஸ் வழி மரபணு புகுத்திய டி செல்களின் கொல்லும் திறனைப் தம்மிடமுள்ள பிடி-எல்1 புரதம் டி செல்லின் பிடி-1 என்ற தடைப் புரதத்தோடு பிணைவதன் வழியாக மோனோசைட்டுகள் அடக்கின. தூதுவ ஆர்.என்.ஏ மூலம் தற்காலிகமாக மாற்றிய டி செல்களில் பிடி-1 குறைவு என்பதால் அவை பாதிக்கப்படவில்லை. வழக்கமான தட்டுச் சோதனையில் இந்த வேறுபாடு தென்பட்டிருக்காது. சில்லின் விலையையும் அதில் குமிழி புகுந்து வீணாகும் மாலைப் பொழுதுகளையும் பொறுத்துக்கொள்ள எனக்கு இந்த ஒரு முடிவே போதுமான காரணம்.

ஆனாலும் தட்டைத் தூக்கி எறியச் சொல்லமாட்டேன். பத்து வகை டி செல்களிலிருந்து இரண்டைத் தேர்வதற்குச் சில்லைப் பயன்படுத்துவது பணத்தையும் பொழுதையும் வீணடிப்பதாகும். மருந்து உள்ளே ஊடுருவுமா என்பது கேள்வியானால் உருண்டை. வழிமறிக்கும் பிற அணுக்களோ ஆக்சிஜன் குறைவோ கேள்வியானால் சில்லு. நோயாளியின் இரத்தம் ஒரே குழாய் அளவுதான் கையில் உள்ளது என்ற நாளில், மிகக் குறைந்த அணுக்களே தேவைப்படுகின்றன என்பதால் நான் சில்லையே எடுப்பேன். ஆனால் விகிதம், நேரம், எச்.எல்.ஏ பொருத்தம் ஆகிய மூன்றையும் அதற்கு முந்திய வாரமே கொடையாளி இரத்தத்தை வைத்துத் தட்டில் சரிபார்த்து முடித்திருப்பேன்.