சமையலறைக்கு எக்ஸாஸ்ட் டக்ட் போடப் போகிறவர்கள் கவனத்துக்கு

எங்கள் மெஸ்ஸுக்குப் புகை இழுக்கும் டக்ட் (தகட்டுக் குழாய்) போட்ட ஒப்பந்தக்காரர், நிமிடத்துக்கு 4,000 கன அடி காற்றை இழுக்கும் என்று எழுதிக் கையெழுத்தும் போட்டுக் கொடுத்தார். இழுப்பது அதில் பாதிதான். இதே கணக்கை அடுத்தவரிடமும் காட்டத்தான் போகிறார் என்பதால் விவரமாகவே எழுதுகிறேன்.

வேலை முடிந்த அன்று, காற்றின் வேகத்தை அளக்கும் அனிமோமீட்டரை டக்டின் நட்டநடுவில் நீட்டினார். நிமிடத்துக்கு 1,800 அடி வேகம் காட்டியது. கொட்டேஷனில் டக்ட் 18-க்கு 18 அங்குலம், அதாவது 2.25 சதுர அடி. இரண்டையும் பெருக்கி, "பாருங்க சார், 4,050. சொன்னதுக்கு மேலயே வருது" என்றார். ஆனால் தோசைக்கல் பக்கம் புகை அப்படியே நின்றது. மிளகாய் தாளித்தால் மாஸ்டர் கண்ணைத் துடைத்துக்கொண்டு பின்வாசலுக்கு ஓடினார்.

வேகத்தைப் பரப்பால் பெருக்குவது சரியான சூத்திரம்தான். அதில் போட்ட எண்கள்தான் புளுகு. டேப் வைத்து அளந்தால் டக்ட் 14-க்கு 14! பரப்பு 1.36 சதுர அடிதான். அப்புறம் அந்த 1,800. டக்டுக்குள் காற்று நடுவில் வேகமாகவும் தகட்டை ஒட்டி மெதுவாகவும் போகும்; நடுவில் மட்டும் அளந்தால் கூடுதலாகத்தான் காட்டும். ஏசி வேலை பார்க்கும் உறவினர் ஒருவர், டக்ட் வளையும் பெண்டிலிருந்து தள்ளி, அது நேராக ஓடும் இடத்தில் சின்னச் சின்ன ஓட்டை போட்டு, கட்டம் கட்டமாக 25 புள்ளிகளில் அளந்தார். சராசரி 1,450. காற்று 1,970 சொச்சம்.

கேட்டால், "ப்ளோயர் 4,000 ரேட்டிங்தானே சார்" என்கிறார். காற்றை இழுக்கும் அந்த விசிறியின் லேபிளில் இருப்பது டக்டே மாட்டாமல் ஓடும்போது வரும் அளவு. ஷீட் காசை மிச்சம் பிடிக்க டக்டை இப்படிச் சுருக்கினால், அதே காற்றுக்கு உராய்வு மூன்று மடங்கைத் தாண்டும். ப்ளோயர் திணறாமல் என்ன செய்யும்?

இப்போது, மேல்காசு கொடுத்தால் பெரிய மோட்டார் மாட்டித் தருகிறேன் என்கிறார். இதற்கு யாரும் மசிந்துவிடாதீர்கள். அதே டக்டில் காற்றை இரண்டு மடங்காக்க எட்டு மடங்கு மோட்டார் திறன் வேண்டும். கரண்ட் பில் மாதாமாதம் நம் தலையில்தான் விழும்.

டக்டை மாற்றித் தரும்வரை பாக்கிப் பணத்தை நிறுத்தி வைத்திருக்கிறேன். நீங்கள் முன்பணம் கொடுக்கும்போதே டக்டின் உள் அளவு, எந்த ஸ்டாடிக் பிரஷரில் (டக்டின் தடையை மீறி இழுக்க ப்ளோயர் தர வேண்டிய அழுத்தம்) எத்தனை சிஎஃப்எம் (நிமிடத்துக்குக் கன அடி), கட்டம் கட்டி அளந்து காட்டிய பிறகே கடைசித் தவணை, இந்த மூன்றையும் எழுதி வாங்கிவிடுங்கள்.